தம்பி தங்கையர்க்கு மூன்று நிலைகளைக் கற்பிப்போம்

கற்றல் நோக்கங்கள்

• திண்மம், நீர்மம், வளிமம் ஆகிய சொற்களின் பொருளை உணர்ந்து பயன்படுத்துதல்.
• தாம் அறிந்த அறிவியல் செய்தியைச் சிறுவர்க்கு எளிய தமிழில் எடுத்துரைத்தல்.
• கண்ணுக்குப் புலப்படாத வளிமங்களால் வரும் தீங்கினை அறிந்து விழிப்புடன் இருத்தல்.
• தன்வினை, பிறவினை வேறுபாட்டை அறிதல்.

நுழையும்முன்

மாணவர்களே! பள்ளியில் நீங்கள் அறிவியலை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கற்கிறீர்கள். வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள். இரண்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் தங்கை, "அக்கா, பாலிலிருந்து கிளம்பும் ஆவி எங்கே போய்விடுகிறது?" என்று தமிழில் கேட்கிறாள். விடை உங்களுக்குத் தெரியும். ஆயினும் அதைத் தமிழில் சொல்ல வாய் வருவதில்லை. தெரிந்த ஒன்றைத் தாய்மொழியில் சொல்ல இயலாமல் திகைப்பது, அந்தச் செய்தியைப் பாதியளவே தெரிந்து வைத்திருப்பதற்கு ஒப்பாகும். பொருள்களின் மூன்று நிலைகளைச் சிறுவர்க்கு எவ்வாறு கற்பிப்பது என்பதை இப்பாடத்தில் காண்போம். கற்பிக்கப்போகிறவர்கள் நீங்கள், மாணவர் உங்கள் தம்பியோ தங்கையோ, அடுத்த வீட்டுக் குழந்தையோ ஆவார்.

1. பெயருக்கு முன் பொருள்

சிறுவர்க்குக் கற்பிக்கத் தொடங்கும் பலர், முதலில் இலக்கணத்தைச் சொல்லிவிடுவர். "நிலையான வடிவமும் நிலையான பருமனும் உடையது திண்மம்" என்று தொடங்கினால் ஏழு வயதுக் குழந்தைக்கு அது வெறும் ஒலிக்கோவையாகவே நிற்கும். ஆகவே பெயரை ஒருபுறம் வைத்துவிட்டு, சமையலறையிலிருந்து சில பொருள்களை எடுத்து வாருங்கள். ஒரு கரண்டி, ஓர் உருளைக்கிழங்கு, ஒரு கட்டி வெல்லம். ஒரு குவளை நீர், சிறிது பால், சிறிது நல்லெண்ணெய். ஊதிக் கட்டிய ஒரு பலூன். இவை போதும்.

கரண்டியைத் தட்டில் வையுங்கள். பின்பு கிண்ணத்தில் வையுங்கள். "கரண்டியின் வடிவம் மாறிற்றா?" என்று கேளுங்கள். இல்லை என்பது குழந்தைக்கே தெரியும். நீரைத் தட்டில் ஊற்றுங்கள்; பின்பு கிண்ணத்தில் ஊற்றுங்கள். தட்டில் பரந்தும் கிண்ணத்தில் குவிந்தும் நிற்கும் நீரைக் குழந்தை காணும். வடிவம் மாறியது, ஆனால் நீரின் அளவு மாறவில்லை. பலூனின் முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். உள்ளே இருந்தது எங்கே என்று கேளுங்கள். அறை முழுவதும் பரவிவிட்டது என்பதே விடை.

இம்மூன்றையும் கண்ட பின்னரே பெயர்களைச் சொல்லுதல் வேண்டும். தன் வடிவத்தைத் தானே காப்பது திண்மம். இருக்கும் கலத்தின் வடிவத்தை ஏற்பது நீர்மம். வடிவமும் இன்றி, அளவும் இன்றி, கிடைத்த இடம் முழுவதும் பரவுவது வளிமம்.

2. பெயர்கள் வந்த வழி

'திண்' என்பது உறுதியைக் குறிக்கும் சொல். திண்மை, திண்ணம், திண்ணிய ஆகிய சொற்கள் இதனோடு உறவுடையன. உறுதியாக நிற்கும் பொருள் திண்மம் ஆயிற்று. நீரின் தன்மை உடையது நீர்மம். 'வளி' என்பது காற்றைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். காற்றின் தன்மை உடையது வளிமம்.

நூல்களில் திடப்பொருள், திரவம், வாயு என்னும் சொற்களையும் நீங்கள் காணலாம். அவையும் தமிழில் வழங்கி வருவனவே. திரவம் என்பதை இந்தி வகுப்பில் 'த்ரவ்' என்று கேட்கும் உங்களுக்கு அச்சொல் எளிதில் விளங்கும். எனினும் திண்மம், நீர்மம், வளிமம் ஆகிய மூன்றும் தம் பொருளைத் தாமே சொல்லும் பெயர்களாதலால், முதன்முறை கேட்கும் குழந்தையின் நினைவில் எளிதில் பதியும். இரண்டு வரிசைச் சொற்களையும் ஒரே நாளில் சொல்லிக் குழப்புதல் வேண்டா.

3. குழந்தை எழுப்பும் தடை வினாக்கள்

கற்பித்தல் நன்கு நடைபெற்றால் குழந்தை எதிர்வினா எழுப்பும். அவ்வினாக்களுக்கு அஞ்சுதல் கூடாது.

"கோதுமை மாவையும் ஊற்றலாமே! கிண்ணத்தில் போட்டால் கிண்ணத்தின் வடிவத்தைப் பெறுகிறதே! அது நீர்மமா?" இது நல்ல வினா. சிறிது சர்க்கரையைக் கருநிறத் தாளில் கொட்டிக் காட்டுங்கள். அது நீரைப் போல் மட்டமாகப் பரவாது, குவியலாக நிற்கும். அதில் ஒரு மணியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மணிக்குத் தனக்கென ஒரு வடிவம் உண்டு. கிண்ணத்தில் இட்டாலும் தட்டில் இட்டாலும் அது மாறுவதில்லை. ஆகவே சர்க்கரை, மாவு, மணல் ஆகியன சிறு சிறு திண்மங்களின் கூட்டமாகும்.

"பஞ்சை அழுத்தினால் சுருங்குகிறதே! அது எப்படித் திண்மம்?" பஞ்சின் இழைகளுக்கிடையே காற்று நிறைந்துள்ளது. நாம் அழுத்தும்போது அக்காற்று வெளியேறுகிறது. இழைகள் இழைகளாகவே இருக்கின்றன.

"தேங்காய் எண்ணெய் திண்மமா, நீர்மமா?" தமிழ்நாட்டில் இவ்வினா எழுவது அரிது. தில்லியிலோ சண்டிகரிலோ குளிர்காலத்தில் தமிழர் வீடு தோறும் எழும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் வெண்ணிறமாக உறைகிறது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதியும் நீர்மமாக விளங்கும் அதே எண்ணெய், வடபுலத்து மார்கழியில் புட்டியினுள் திண்மமாகிவிடுகிறது. புட்டியை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் மீண்டும் உருகுகிறது. 'இது திண்மம், அது நீர்மம்' என்பது பொருளுக்கு என்றும் ஒட்டிக்கொண்ட பெயர் அன்று. அப்பொழுது அது இருக்கும் நிலையின் பெயர் என்பதை இவ்வெண்ணெய்ப் புட்டி ஒன்றே விளக்கிவிடும். இரும்பும் 1538 டிகிரி வெப்பத்தில் நீர்மமாகி ஓடும். நாம் அறிந்த உலோகங்களுள் பாதரசம் இயல்பான வெப்பத்திலேயே நீர்மமாக இருக்கிறது. அது −39 டிகிரிக்குக் கீழேதான் உறையும்.

4. காற்று 'ஒன்றுமில்லாதது' அன்று

மூன்றனுள் சிறுவர்க்கு ஏற்க அரியது வளிமமே. காணாததை இல்லை என்று கொள்வது குழந்தையின் இயல்பு. "குவளை காலியாக இருக்கிறது" என்றுதான் நாமும் சொல்கிறோம். அது காலியாக இல்லை என்பதைச் செயலால் காட்டுதல் வேண்டும்.

செய்து காட்டுக – 1
ஒரு கண்ணாடிக் குவளையின் அடியில் கசக்கிய தாள் ஒன்றை இறுக்கிப் பொருத்துக. குவளையைத் தலைகீழாகப் பிடித்து, வாளியில் உள்ள நீரினுள் நேராக அமிழ்த்துக. சிறிது நேரம் கழித்து நேராகவே வெளியே எடுக்க. தாள் நனையாமல் இருக்கும். குவளையினுள் இருந்த காற்று, நீரை உள்ளே புகவிடவில்லை. மீண்டும் அமிழ்த்தி, இம்முறை குவளையைச் சாய்த்திடுக. குமிழிகள் மேலெழும், தாள் நனையும். வெளியேறிய காற்றையே குமிழிகளாகக் குழந்தை கண்ணாரக் காண்கிறது.

செய்து காட்டுக – 2
ஊசி இல்லாத புதிய சிரிஞ்சு ஒன்றை எடுத்து, தண்டினைப் பின்னுக்கு இழுத்துக் காற்றை நிரப்புக. முனையை விரலால் மூடிக்கொண்டு தண்டினை அழுத்துக. காற்று சுருங்கி இடம் கொடுக்கும். கையை விட்டதும் தண்டு பின்னோக்கி வரும். பின்னர் காற்றுக் குமிழி இன்றி நீரை நிரப்பி அவ்வாறே அழுத்துக. தண்டு சிறிதும் நகராது. வளிமத்தை அழுத்திச் சுருக்கலாம். நீர்மத்தை அவ்வாறு எளிதில் சுருக்க இயலாது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்ன? எல்லாப் பொருள்களும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களால் ஆனவை. திண்மத்தில் அவை நெருங்கி நின்று, இடம் பெயராமல் அதிர்ந்துகொண்டிருக்கும். நீர்மத்தில் நெருங்கியே இருப்பினும் ஒன்றையொன்று கடந்து நழுவும். வளிமத்தில் வெகுவாக விலகி எல்லாத் திசைகளிலும் விரைந்து திரியும். குடியிருப்புப் பூங்காவில் பத்துக் குழந்தைகளைக் கூட்டி இதை விளையாட்டாக்கலாம். கைகோத்து நெருங்கி நின்று உடலை மட்டும் அசைத்தால் திண்மம்; கையை விட்டு, கூட்டத்தைப் பிரியாமல் உலவினால் நீர்மம்; திடல் முழுவதும் ஓடித் திரிந்தால் வளிமம். குழந்தைகள் அதே குழந்தைகள்தாம். மாறியது நெருக்கமும் இயக்கமுமே. துகள்களும் அவ்வாறே. பனிக்கட்டி உருகும்போது துகள் உருகுவதில்லை. துகள்களின் அணிவகுப்பே கலைகிறது.

5. ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு

திண்மம் நீர்மமாவது உருகுதல். நீர்மம் திண்மமாவது உறைதல். நீர்மம் வளிமமாவது ஆவியாதல். வளிமம் நீர்மமாவது குளிர்ந்து நீராதல். இந்நான்கு சொற்களுக்கும் நான்கு காட்சிகளைக் காட்டினால் போதும். பனிக்கட்டி ஒன்றைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தால் உருகுதல் விளங்கும். உறைபெட்டியின் அச்சில் இரவில் நீர் ஊற்றிக் காலையில் திறந்தால் உறைதல் விளங்கும். தரையில் சிறிது நீரைத் தேக்கி, அதன் விளிம்பைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, அரை மணிக்கு ஒருமுறை புதிய விளிம்பை வரைந்துவந்தால், கோட்டுக்குள் கோடாக நீர் சுருங்கி மறைவதைக் கண்டு ஆவியாதலைக் குழந்தை அறியும். கொதித்தால்தான் நீர் ஆவியாகும் என்பதில்லை. கொடியில் காயும் துணியும் அதற்குச் சான்று.

நான்காவது காட்சியில் குழந்தை பெரும்பாலும் தவறாக எண்ணும். குளிர்ந்த நீர் உள்ள குவளையின் வெளிப்புறம் நீர்த்துளிகள் அரும்பும். "குவளை ஒழுகுகிறது" என்று தம்பி சொல்வான். அவனை மறுத்துரைக்க வேண்டா. குவளையில் உள்ள நீரில் சிறிது மஞ்சளைக் கலக்கச் சொல்லுங்கள். வெளியே அரும்பும் துளிகள் நிறமற்றே இருக்கும். உள்ளிருந்து ஒழுகியிருந்தால் அவையும் மஞ்சளாக இருந்திருக்கும் அன்றோ? காற்றில் கலந்திருந்த நீராவியே குளிர்ந்த குவளையைத் தொட்டு நீராயிற்று என்பதை அவனே கண்டறிவான்.

இனி, தங்கையின் வினாவுக்கு வருவோம். பாலிலிருந்து எழும் வெண்மையான படலத்தை நாம் ஆவி என்கிறோம். உண்மையான நீராவியோ கண்ணுக்குத் தெரியாதது. கொதிக்கும் கெண்டியின் மூக்கைத் தொலைவில் நின்று உற்று நோக்கினால், மூக்கின் நுனியை ஒட்டிச் சிறிது தொலைவு வெறுமையாகத் தோன்றும். அங்குத்தான் நீராவி இருக்கிறது. அதற்கு அப்பால் காணும் வெண்மை, குளிர்ந்து நீராகிய நுண்துளிகளின் கூட்டம். அத்துளிகள் மீண்டும் ஆவியாகிக் காற்றில் கலக்கும்போது வெண்மை மறைகிறது. 'ஆவி எங்கே போயிற்று?' என்பதற்கு, 'அறையின் காற்றிலேயே இருக்கிறது. நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை' என்பதே விடை. வடநாட்டுக் குளிர்காலத்தில் வாயிலிருந்து புகைபோல் வெளிப்படும் மூச்சும், புகைவண்டிகளைத் தாமதிக்கச் செய்யும் மூடுபனியும் இத்தகைய நுண்துளிகளே.

சில பொருள்கள் இடையில் நீர்மமாகாமல் திண்மத்திலிருந்து நேரே வளிமமாகும். பூசையறையில் திறந்து வைத்த சூடம் நாளடைவில் கரைந்ததுபோல் குறைந்துவிடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். துணிப்பெட்டியில் இடும் அந்துருண்டையும் அத்தகையதே. சூடமும் அந்துருண்டையும் நஞ்சு. பார்ப்பதற்கு மிட்டாய் போல் இருப்பதால் சிறுவர் கைக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும்.

6. கரைதல் வேறு, உருகுதல் வேறு

தேநீரில் சர்க்கரை 'உருகிவிட்டது' என்று குழந்தை சொன்னால், சொல்லை மட்டும் அன்று, கருத்தையும் திருத்துதல் வேண்டும். உருகுவதற்கு வெப்பம் ஒன்றே போதும். வேறொரு பொருளின் துணை தேவையில்லை. கரைவதற்கோ கரைக்கும் நீர்மம் ஒன்று வேண்டும். வெண்ணெய் வாணலியில் உருகுகிறது. உப்பு நீரில் கரைகிறது. தமிழ் இவ்விரு செயலுக்கும் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது. சரியான சொல்லைப் பயன்படுத்தும் பழக்கம் வந்தால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

7. நீரின் தனித்தன்மை

பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கும். நீர் மாறாக விரியும். 100 மில்லி லிட்டர் நீர் உறைந்தால் ஏறத்தாழ 109 மில்லி லிட்டர் இடத்தைக் கொள்ளும். அதனால்தான் பனிக்கட்டி நீரில் மிதக்கிறது. மூடிய கண்ணாடிப் புட்டியை நீருடன் உறைபெட்டியில் வைத்தால் வெடிக்கிறது. லே, சிறீநகர் போன்ற ஊர்களில் கடுங்குளிரில் நீர்க்குழாய்கள் பிளக்கின்றன.

இவ்வியல்பே உயிர்களையும் காக்கிறது. சிறீநகரின் தால் ஏரி கடுங்குளிர்க் காலங்களில் மேற்பரப்பில் உறைவதுண்டு. பனிக்கட்டி மேலே மிதந்து போர்வைபோல் மூடிக்கொள்ள, அடியில் நீர் நீராகவே இருக்கும். மீன்கள் அங்கு உயிர்வாழும். ஆயினும் உறைந்த ஏரியின் மேற்பரப்பு எவ்விடத்தும் ஒரே தடிப்புடன் இராது. ஆகையால் அதன்மேல் நடப்பதும் விளையாடுவதும் உயிருக்கு ஊறு விளைக்கும்.

நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று படித்திருக்கிறோம். அது கடல் மட்டத்துக்கு அண்மையில் உள்ள ஊர்களுக்குப் பொருந்தும். ஏறத்தாழ 3500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் காற்றின் அழுத்தம் குறைவு. ஆகவே அங்கு நீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். நீர் விரைவில் கொதித்தாலும் பருப்பு விரைவில் வேகாது. வெப்பம் போதாமையே காரணம். அழுத்தக் கொதிகலனாகிய குக்கர், ஆவியை வெளியேறவிடாமல் அடக்கி அழுத்தத்தை உயர்த்துகிறது. அதனால் நீர் மேலும் சூடேறிய பின்னரே கொதிக்கிறது. மலைநாட்டு வீடுகளில் அது இன்றியமையாத கலமாக இருப்பது இதனாலேதான்.

நிலைமாற்றத்தை உழவுக்குப் பயன்படுத்திய செய்தி ஒன்றையும் அறிதல் நன்று. லடாக்கில் மழை மிகக் குறைவு. இளவேனிலில் விதைக்கும் காலத்தில் நீர் தட்டுப்படும். மலைப்பனியோ அதற்குப் பின்னரே உருகி வரும். பொறியாளர் செவாங் நோர்பெல் குளிர்கால நீரைத் தடுத்து உறையச்செய்து செயற்கைப் பனியாறுகளை அமைத்தார். 2015ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. சோனம் வாங்சுக் 2013ஆம் ஆண்டில் பனித்தூபி முறையைச் செய்து பார்த்தார். மேட்டிலிருந்து குழாய் வழியே இறங்கும் நீர், தன் அழுத்தத்தாலேயே மேலெழுந்து கடுங்குளிர்க் காற்றில் தெறிக்கும். விழும்போதே உறைந்து கூம்பாக வளரும். கூம்பு வடிவத்தில் நீரின் அளவை நோக்க, வெயில் படும் பரப்பு குறைவு. ஆதலால் அது மெல்ல உருகி, உழவர்க்கு வேண்டும் காலத்தில் நீர் தருகிறது. குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீர்மத்தைத் திண்மமாக்கிச் சேமித்து, வேனிலில் மீண்டும் நீர்மமாகப் பெறுகின்றனர். வகுப்பில் கற்கும் இரு சொற்கள் ஓர் ஊரின் பயிரைக் காக்கின்றன.

8. காணாத வளிமத்திடம் விழிப்பு

கண்ணுக்குத் தெரியாத பொருளும் உண்டு, அது இடத்தை நிரப்பும், எங்கும் பரவும். இம்மூன்றையும் குழந்தை உணர்ந்துவிட்டால், அதன் உயிரைக் காக்கும் செய்திகளையும் அதற்குச் சொல்லிவிடலாம்.

சமையல் எரிவாயு: வீட்டு உருளையில் 14.2 கிலோகிராம் எரிபொருள் உள்ளது. அழுத்தத்தால் அது உருளைக்குள் பெரும்பகுதி நீர்மமாக இருக்கிறது, வெளிவரும்போது வளிமமாகிறது. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டித் தங்கும். இயல்பில் அதற்கு மணம் இல்லை. கசிவை நாம் அறிந்துகொள்வதற்காகவே கெடுமணம் உடைய பொருளை அதில் சேர்க்கின்றனர். அம்மணம் வந்தால் விளக்குச் சொடுக்கியைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, சிறு பொறியும் தீயை மூட்டிவிடும். கதவு, சன்னல்களைத் திறந்து, உருளையின் ஒழுங்குபடுத்தியைப் பெரியவர் மூடுதல் வேண்டும். சிறுவர் உடனே வெளியேறுதல் வேண்டும். வெளியே வந்த பின்னர் 1906 என்னும் அவசர உதவி எண்ணை அழைக்கலாம்.

கரியடுப்பு: குளிர்காலத்தில் வடநாட்டில் 'அங்கீட்டி' எனப்படும் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் குளிர்காய்வர். கதவடைத்த அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வளிமம் உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கரி புகையாமல் கனன்றாலும் அது உண்டாகும். உறங்குவோர் அறியாமலே அதை மூச்சில் கொள்வர், உயிரிழப்பும் நேரும். எனவே கனலும் அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்குதல் எக்காரணம் கொண்டும் கூடாது. விழித்திருக்கும்போதும் தலைவலியோ மயக்கமோ தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுதல் வேண்டும். 'புகை இல்லையே, பின் என்ன அச்சம்?' என்று எண்ணுவோர் பலர். காணாதது இல்லாதது அன்று என்பதை அறிந்த சிறுவன், அவ்வீட்டில் சன்னலைத் திறக்கச் சொல்லும் முதல் ஆளாக இருப்பான்.

9. எடுத்துரைக்கும் முறை

சிறுவர்க்குச் சொல்லும்போது தொடர்கள் சிறியனவாக இருக்கட்டும். ஒரு தொடரில் ஒரு செய்தியே அமையட்டும். விடையைச் சொல்லுமுன், 'என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?' என்று கேளுங்கள். குழந்தை எண்ணியது தவறாயினும் நகைத்தல் கூடாது. வெந்நீர், அடுப்பு ஆகியவற்றோடு தொடர்புடைய செயல்களைப் பெரியவர் துணையின்றிச் செய்தல் வேண்டா. முடிவில், கற்றதைப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ தொலைபேசியில் சொல்லச் செய்யுங்கள். ஊரில் இருக்கும் பெரியவர்க்குத் தமிழில் விளங்கச் சொல்லிவிட்டால், அக்குழந்தை பாடத்தைக் கற்றுவிட்டது என்று துணியலாம்.

சொற்பொருள்

பருமன் – ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு
கலம் – பாத்திரம்
வளி – காற்று
வடபுலம் – வடக்குப் பகுதி
கனலுதல் – தழலின்றி எரிதல்
ஊறு – தீங்கு
துணிதல் – உறுதியாகக் கொள்ளுதல்

மொழியை அறிவோம்

அ. 'பனி' என்னும் ஒரு சொல் தமிழில் பல பொருள் தருகிறது. அதனுடன் வேறொரு சொல்லைச் சேர்த்து நிலையை வேறுபடுத்துகிறோம். பனித்துளி – புல் நுனியில் நிற்கும் நீர். மூடுபனி – காற்றில் மிதக்கும் நுண்துளிகள். பனிக்கட்டி – உறைந்த நீர். பனிப்பொழிவு – வானிலிருந்து வெண்பஞ்சுபோல் விழுவது. மழையோடு விழும் கட்டிக்கு ஆலங்கட்டி என்று தனிப்பெயர் உண்டு.

ஆ. நிலைமாற்றச் சொற்கள் உள்ளத்து உணர்ச்சிகளையும் குறிக்கும். மனம் உருகினாள், அச்சத்தால் குருதி உறைந்தது, சினத்தால் கொதித்தான்.

இ. தன்வினையும் பிறவினையும்
எழுவாய் தானே ஒரு செயலைச் செய்வது தன்வினை. பிறிதொன்றைச் செயற்படச் செய்வது பிறவினை.

பனிக்கட்டி உருகியது. – தன்வினை
வெயில் பனிக்கட்டியை உருக்கியது. – பிறவினை

நீர் ஆவியாகிறது. – தன்வினை
வெப்பம் நீரை ஆவியாக்குகிறது. – பிறவினை

உருகு – உருக்கு, ஆகு – ஆக்கு என ஒற்று இரட்டித்தும், சுருங்கு – சுருக்கு, நிரம்பு – நிரப்பு என மெல்லொற்று வல்லொற்றாகியும், குளிர் – குளிர்வி என விகுதி பெற்றும் பிறவினைகள் அமையும். உறையச் செய், கொதிக்க வை எனத் துணைவினை பெற்றும் வரும். நிலைமாற்றத்தைப் பிறவினையில் சொல்லும்போது, மாற்றத்துக்குக் காரணம் எது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டி வருகிறது. அறிவியல் விடை எழுதும்போது இதனை நினைவிற்கொள்க.

பயிற்சி

I. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சர்க்கரையை ஊற்ற முடிந்தாலும் அது திண்மம் எனப்படுவது ஏன்?
2. தேங்காய் எண்ணெய் குளிர்காலத்தில் உறைவதிலிருந்து நாம் அறியும் உண்மை யாது?
3. லே நகரில் பருப்பு விரைவில் வேகாதது ஏன்?
4. சமையல் எரிவாயுவில் கெடுமணம் சேர்க்கப்படுவது எதற்காக?

II. பொருத்தமான சொல்லால் நிரப்புக. (கரைந்தது, உருகியது, உறைந்தது, ஆவியானது)
1. வெயிலில் வைத்த மெழுகு ______.
2. நீரில் இட்ட உப்பு ______.
3. கொடியில் காயும் துணியில் இருந்த நீர் ______.
4. இரவுக் குளிரில் வாளியின் நீர் ______.

III. பிறவினைத் தொடராக மாற்றுக.
1. வெல்லம் வாணலியில் உருகியது. (அம்மா)
2. தொட்டி நிரம்பியது. (தம்பி)
3. சிரிஞ்சில் உள்ள காற்று சுருங்கியது. (மாணவி)

IV. நெடுவினா
பனித்தூபி உருவாகும் முறையையும் அதன் பயனையும் நும் சொற்களில் விளக்குக.

V. செயல்திட்டம்
'குவளை காலியாக இல்லை' என்பதை ஒரு சிறுவர்க்குத் தமிழில் கற்பித்திடுக. அவர் எழுப்பிய வினாக்களையும் நீங்கள் கூறிய விடைகளையும் உரையாடலாக எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக. விடை கூற இயலாத வினா எழுந்திருப்பின் அதனையும் விடாமல் எழுதுக. அடுத்த வகுப்பு அவ்வினாவிலிருந்து தொடங்கும்.